ஆயில் மோர் கலருக்கு மாறிடுச்சா? பழைய படகு இன்ஜினில் 'ஹெட் கேஸ்கெட்' போனதைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஆண்டிமடத்தில் கடல் இல்லை. முந்திரிக்காடு இருக்கிறது, பலா இருக்கிறது, செம்மண் இருக்கிறது. அலையில் கால் நனைக்கணும்னா சிதம்பரம் தாண்டிப் போகணும். அப்புறம் எதுக்குப் படகு இன்ஜின் பஞ்சாயத்து என்கிறீர்களா? பக்கத்து ஊரான கங்கைகொண்ட சோழபுரத்திலும்தான் கடல் இல்லை. ராஜேந்திர சோழன் அதையே தலைநகராக வைத்துக்கொண்டு 1025 வாக்கில் கடாரம் வரைக்கும் கப்பல் படை அனுப்பவில்லையா? நாம் ஒரு கேஸ்கெட்டைப் பற்றிப் பேசினால் தப்பில்லை.

உண்மையான காரணம் வேறு. அரியலூர் மாவட்டத்தின் தெற்கு எல்லையாக ஓடும் கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் பழையாறு மீன்பிடித் துறைமுகம். அந்தப் பக்கம் முடசல்ஓடை, பரங்கிப்பேட்டை, கடலூர் முதுநகர். அங்கே படகுகளில் துடிக்கும் பழைய டீசல் இன்ஜினும், ஆண்டிமடம் பக்கத்து மோட்டார் கொட்டகையில் தூசி படிந்து கிடக்கும் உங்கள் தாத்தா காலத்து ஆயில் இன்ஜினும் கிட்டத்தட்ட பங்காளிகள். இலவச மின்சாரம் வந்த பிறகு ஆயில் இன்ஜினை மறந்துவிட்டோம். ஆனால் அதை ஒரு தடவையாவது பிரித்துப் பார்த்த வீட்டுப் பிள்ளைக்குப் படகு இன்ஜின் புதிராக இருக்காது.

எப்படி என்கிறீர்களா? கிணற்று மேட்டில் இருந்த 5 ஹெச்பி ஆயில் இன்ஜினை ஞாபகப்படுத்திப் பாருங்கள். பம்ப் இறைக்கும் தண்ணீரில் கொஞ்சத்தை ஒரு சின்னக் குழாய் வழியாக இன்ஜினுக்குத் திருப்பிவிட்டிருப்பார்கள். அது சிலிண்டரைச் சுற்றி வந்து சூட்டை வாங்கிக்கொண்டு வாய்க்காலில் விழும். ஃபுட்வால்வில் இலை மாட்டி பம்ப் காற்றை இழுத்தால் அந்தத் தண்ணீரும் நின்றுபோகும். யாரும் கவனிக்கவில்லை என்றால் பத்து நிமிஷத்தில் இன்ஜின் கொதித்து, 'ஹெட் பேக்கிங்' போய்விடும். பழைய படகில் நடப்பதும் இதேதான். வாய்க்காலுக்குப் பதில் கடல். இலைக்குப் பதில் பிளாஸ்டிக் கவர். ஒரே ஒரு வித்தியாசம். வயலில் இன்ஜின் நின்றால் நடந்து வீட்டுக்கு வந்துவிடலாம்.

குக்கர் ரப்பரின் பெரியண்ணன்

ஹெட் கேஸ்கெட் என்றால் என்ன? குக்கர் மூடிக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறதல்லவா, அதே வேலைதான். இன்ஜினின் அடிப்பாகம் பிளாக். மேலே மூடி மாதிரி உட்காருவது ஹெட். நடுவில் கசியாமல் அடைக்கும் மெல்லிய தகடுதான் கேஸ்கெட்.

ஆனால் வேலையின் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். குக்கரில் விசில் வரும்போது அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அளவில்தான் இருக்கும். டீசல் இன்ஜினில் எரியும் நேரத்தில் 60 கிலோவைத் தாண்டும். நம் கிணற்று மேட்டு கிர்லோஸ்கர் ஏவி1 போன்ற 80 மி.மீ. சிலிண்டரை எடுத்துக்கொண்டால், ஹெட்டை மேலே தள்ளும் விசை சுமார் 3 டன். மூன்று சின்ன கார்களின் எடை. 1500 ஆர்பிஎம்-மில் ஓடினால் இது நிமிஷத்துக்கு 750 தடவை நடக்கிறது. இவ்வளவையும் தாங்கிக்கொண்டு, எரிவாயு தண்ணீர்ப் பாதைக்கும், தண்ணீர் ஆயிலுக்கும், ஆயில் வெளியேயும் போகாமல் அந்தத் தகடு பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பொருத்தியது ஒழுங்காக இருந்து, சூடும் கட்டுக்குள் இருந்தால், கேஸ்கெட் சும்மா போகாது. அது போயிருக்கிறது என்றால் வேறு எதுவோ அதைக் கொன்றிருக்கிறது. அந்தக் கொலையாளியைப் பிடிக்காமல் புது கேஸ்கெட் போட்டால், அதுவும் சீக்கிரமே போகும். துறைமுகத்தில் "போன மாசம்தான் மாத்தினேன், மறுபடி போயிடுச்சு" என்று யாராவது புலம்பினால் பெரும்பாலும் கதை இதுதான்.

முதலில், உங்கள் இன்ஜின் எந்த ஜாதி?

அறிகுறிகளைப் பார்ப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வகை இன்ஜினுக்குப் பொருந்தும் அறிகுறி இன்னொன்றுக்குப் பொருந்தாது. நெட்டில் பார்க்கும் வீடியோக்கள் பெரும்பாலும் கார் இன்ஜினைப் பற்றியவை. அதை அப்படியே படகுக்குப் போட்டால் குழப்பம்தான் மிச்சம்.

முதல் வகை, காற்றில் குளிர்வது. சின்ன ஃபைபர் படகுகளில் நீளமான தண்டின் முனையில் விசிறி சுழலுமே, அதில் பொருத்தியிருக்கும் கிரீவ்ஸ் லம்பார்டினி போன்ற இன்ஜின்கள் இந்த ரகம். இதில் தண்ணீரே கிடையாது. ஆகவே கேஸ்கெட் போனால் ஆயில் வெள்ளையாக மாறாது. ஹெட்டும் சிலிண்டரும் சேரும் இடத்தில் 'புஸ் புஸ்' என்று சத்தம் வரும். அந்த இடத்தில் கரிக்கோடு படியும். ஸ்டார்ட் பண்ணக் கை வலிக்கும், இழுவை குறையும். சோப்பு நுரையைத் தடவிவிட்டு இன்ஜினைக் கையால் சுற்றினால் குமிழ் வரும் இடம் காட்டிக்கொடுத்துவிடும். சைக்கிள் பஞ்சர் பார்க்கும் அதே டெக்னிக்.

இரண்டாவது வகை, கடல் தண்ணீர் நேரடியாக இன்ஜினுக்குள் போய் வருவது. நம் வாய்க்கால் ஆயில் இன்ஜினின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்பு படியாமல் இருக்க இந்த இன்ஜின்களைக் குறைவான சூட்டில், 60 டிகிரி செல்சியஸ் பக்கத்தில்தான் ஓட்டுவார்கள். கேஸ்கெட் போனால் உள்ளே போவது உப்புத் தண்ணீர். இங்கே நேரம்தான் எதிரி. அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது வகை, விசைப்படகுகளில் இருக்கும் அசோக் லேலண்ட் மாதிரியான ஆறு சிலிண்டர் பெரிய இன்ஜின்கள். இவற்றில் பெரும்பாலும் இன்ஜினுக்குள் நல்ல தண்ணீரோ கூலண்ட்டோ சுற்றும். அதை 'ஹீட் எக்ஸ்சேஞ்சர்' என்ற பெட்டிக்குள் கடல் தண்ணீர் குளிரவைக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொடாது. இந்த ஒரு விஷயம் துப்பறிய எவ்வளவு உதவும் என்று கொஞ்ச நேரத்தில் பாருங்கள்.

அறிகுறிகளும் ஆள்மாறாட்டமும்

டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கிறீர்கள். ஆயில் மோர் மாதிரி, இல்லை பால் கூடிய டீ மாதிரி இருக்கிறது. அளவும் கூடியிருக்கிறது. உடனே "ஹெட் கேஸ்கெட்!" என்று தீர்ப்பு சொல்லிவிடுவோம். பொறுங்க பாஸ். ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்பது மட்டும்தான் இப்போது உறுதி. அது எந்த வழியாக வந்தது என்பது இன்னும் தெரியாது.

சந்தேகப் பட்டியலில் கேஸ்கெட்டைத் தவிர இன்னும் பலர் இருக்கிறார்கள். ஹெட்டில் விரிசல் இருக்கலாம். தண்ணீர் நேராகத் தொடும் லைனர் உள்ள இன்ஜின்களில், லைனரின் அடியில் இருக்கும் ஓ-ரிங் ரப்பர் கெட்டிருக்கலாம். ஆயில் கூலருக்குள் குழாய் அரித்து ஓட்டை விழுந்திருக்கலாம். கடல் தண்ணீர் பம்ப்பின் சீல் போயிருக்கலாம். புகைக்குழாயில் தண்ணீர் கலந்து வெளியேறும் படகுகளில், இன்ஜின் நின்றிருக்கும்போது அந்தத் தண்ணீரே பின்னால் வழிந்து சிலிண்டருக்குள் இறங்கியிருக்கலாம். ஸ்டார்ட் ஆகாத இன்ஜினைத் திரும்பத் திரும்பச் சுற்றினால் இந்தக் கடைசி ஆபத்து கூடும். இன்ஜின் எரியாது, ஆனால் பம்ப் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது வகை இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சுலபமான கேள்வி. கூலண்ட் தொட்டியில் அளவு குறைந்திருக்கிறதா? ஹெட் கேஸ்கெட்டைச் சுற்றி ஓடுவது உள்தண்ணீர்தான், கடல் தண்ணீர் இல்லை. ஆகவே கேஸ்கெட் வழியாக ஆயிலுக்குத் தண்ணீர் போயிருந்தால் தொட்டி குறைந்தே ஆகவேண்டும். தொட்டி நிரம்பி இருக்கிறது, ஆயில் மட்டும் மோர் ஆகியிருக்கிறது என்றால், கடல் தண்ணீர் தொடும் பாகங்களைத் தேடுங்கள். ஆயில் கூலர், பம்ப் சீல், புகைக்குழாய். ஹெட்டைக் கழற்றும் இரண்டு நாள் வேலை இந்த ஒரு கேள்வியில் மிச்சமாகலாம். எனக்குக் கேட்டால், இந்தக் கட்டுரையிலேயே காசு மிச்சம் பிடிக்கும் வரி இதுதான்.

ஆயிலில் தண்ணீர் இருக்கிறதா என்றே சந்தேகமா? காலையில் ஓட்டுவதற்கு முன் எண்ணெய்த் தொட்டியின் அடி போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தண்ணீர் கனம் என்பதால் முதலில் அதுதான் சொட்டும். அல்லது சூடான தகட்டில் ஒரே ஒரு சொட்டு ஆயில் விடுங்கள். தாளிப்பில் ஈரக் கறிவேப்பிலை போட்ட மாதிரி சடசடத்தால் தண்ணீர் உண்டு. வெட்டவெளியில், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். அம்மாவின் தோசைக்கல்லில் வேண்டாம்.

அடுத்தது வெள்ளைப் புகை. இதிலும் ஆள்மாறாட்டம் உண்டு. காலைக் குளிரில் எந்தப் பழைய டீசலும் கொஞ்சம் வெள்ளையாகத்தான் விடும். அது எரியாத டீசல். கண்ணைக் கரிக்கும், காற்றில் தொங்கும். நீராவி அப்படியில்லை, சட்டென்று கலைந்துவிடும். புகைக்குழாயில் தண்ணீர் கலக்கும் படகுகளில் லேசான நீராவி எப்போதும் சகஜம். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் அடர்ந்த நீராவி நிற்கவில்லை, தொட்டித் தண்ணீரும் குறைகிறது, இரண்டும் சேர்ந்து நடக்கிறது என்றால்தான் கேஸ்கெட் பக்கம் விரல் நீட்டலாம்.

தொட்டியில் குமிழ் வருவது நல்ல தடயம். குளிர்ந்த இன்ஜினில் தண்ணீர் பம்ப்பின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, தொட்டியை விளிம்பு வரை நிரப்பி, மூடி போடாமல் ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஒரு நிமிஷத்துக்குள் நிறுத்திவிட வேண்டும், ஏனென்றால் தண்ணீர் சுற்றவில்லை. கொதிக்க நேரமே இல்லாத அந்த ஒரு நிமிஷத்தில் குமிழ் விடாமல் பொங்கினால், அது எரிவாயு. கேஸ்கெட் போயிருக்கிறது அல்லது ஹெட் விரிந்திருக்கிறது. ஓடி முடித்த சூடான இன்ஜினின் மூடியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.

திறக்கும் முன் ஒரு காற்று சோதனை

மெக்கானிக்கிடம் கம்ப்ரசர் இருந்தால் ஹெட்டைத் தொடாமலே உறுதி செய்துவிடலாம். இன்ஜெக்டரைக் கழற்றி, அந்த சிலிண்டரின் பிஸ்டனை உச்சத்தில் நிறுத்தி, இரண்டு வால்வும் மூடிய நிலையில் இன்ஜெக்டர் துளை வழியாகக் காற்றை ஏற்றுங்கள். இன்ஜின் சுற்றிவிடாமல் கியரிலோ வேறு வழியிலோ பூட்டிவைக்க வேண்டும், கை ஜாக்கிரதை. இப்போது காதுதான் கருவி. புகைக்குழாயில் 'ஸ்ஸ்' என்றால் எக்ஸாஸ்ட் வால்வு. காற்று இழுக்கும் வாயில் கேட்டால் இன்லெட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங். தண்ணீர்த் தொட்டியில் குமிழ் வந்தால் கேஸ்கெட் அல்லது விரிசல். பக்கத்து சிலிண்டரின் துளையில் காற்று வந்தால், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட் பாலம் எரிந்திருக்கிறது.

கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்ப்பவர்கள் டீசலுக்கான கேஜ்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டீசலில் அழுத்தம் 25-30 பாருக்கு மேல் போகும், பைக்குக்கு வைத்திருக்கும் கேஜ் அதைத் தாங்காது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் சேர்ந்து குறைவாகக் காட்டுவதுதான் கேஸ்கெட்டின் கையெழுத்து. நீல நிறத் திரவம் மஞ்சளாக மாறும் சோதனைக் கருவியும் கடையில் உண்டு. டீசலில் அதை ஐடிலில் வைத்துப் பார்த்தால் ஏமாற்றிவிடும், இன்ஜினுக்குச் சுமை கொடுத்துப் பார்க்க வேண்டும்.

நடுக்கடலில் சூடு ஏறினால்?

கேரளத்தின் நீண்டகரையில் 1953-ல் இந்தோ-நார்வே திட்டம் தொடங்கியது. நம் நாட்டுப் படகுகளில் இன்ஜின் பொருத்தும் வேலைக்கு அது பெரிய தொடக்கம். அதற்கு முன் பாயும் துடுப்பும்தான். காற்று இல்லையென்றால் துடுப்பு போடலாம். இன்ஜினை மட்டும் நம்பிக் கரையைத் தாண்டிப் போகும் இன்றைய ஃபைபர் படகில், இன்ஜின் நின்றால் நீரோட்டம் இழுக்கும் பக்கம்தான் படகு போகும். அதனால்தான் கேஸ்கெட் விஷயத்தை "கரைக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று தள்ளக் கூடாது.

சூடு மானி ஏறத் தொடங்கியதும் முதலில் இழுவையைக் குறையுங்கள். பக்கவாட்டில் தண்ணீர் வழக்கம்போல் வெளியே விழுகிறதா என்று எட்டிப் பாருங்கள். விழுகிறது என்றால் சில நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு ஆறவிடலாம். தண்ணீரே வரவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். தண்ணீர் உறிஞ்சும் வாயில் பிளாஸ்டிக் கவரோ வலைத்துண்டோ அடைத்திருக்கலாம். அரிப்பான், பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர், பெல்ட் என்று வரிசையாகப் பாருங்கள். இந்த இடத்தில் பிடித்துவிட்டால் பெரும்பாலும் கேஸ்கெட் பிழைத்துக்கொள்ளும். பதற்றத்தில் சூடான இன்ஜின் மேல் வாளியால் கடல் தண்ணீரை ஊற்றுவதைப் போன்ற தப்பு வேறில்லை. வார்ப்பிரும்பு ஹெட் சட்டென்று குளிர்ந்தால் விரிசல் விடும். கேஸ்கெட் செலவில் முடிய வேண்டியது ஹெட் செலவாகிவிடும்.

நின்ற இன்ஜின் மறுபடி சுற்ற மறுத்து 'டங்' என்று முட்டி நின்றால், செல்ஃபை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றிருக்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் முட்டினால் வளைவது கனெக்டிங் ராடுதான். இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு, ஆள் யாரும் குனிந்து பார்க்காமல் மெதுவாகச் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும்.

ஒரு விஷயத்தை இப்போதே போனில் ஏற்றி வையுங்கள். கடலோரக் காவல்படைக்கு 1554. கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸுக்கு 1093. சிக்னல் இருக்கும்போதே அழைத்துவிடுங்கள். விஹெச்எஃப் கருவி இருந்தால் 16-ம் சேனல்.

சரி, கொலையாளி யார்?

பத்துக்கு எட்டு என்று கணக்குச் சொல்ல மாட்டேன், ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சூடு. சூட்டில் ஹெட் விரிகிறது, பிறகு சுருங்குகிறது. அளவுக்கு மீறிப்போனால் கொஞ்சம் வளைந்துவிடுகிறது. வளைந்த ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கேஸ்கெட் பிடிமானம் இழக்கிறது. எனவே தேய்ந்த இம்பெல்லர், உப்பு அடைத்த குழாய்கள், வேலை செய்யாத தெர்மோஸ்டாட் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இம்பெல்லரின் ஓர் இதழ் உடைந்திருந்தால் அந்தத் துண்டைத் தேடிப் பிடியுங்கள். அது எங்காவது உள்ளே போய் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

கடலுக்கே உரிய இன்னொரு கொலையாளி அரிப்பு. உப்புத் தண்ணீரில் வெவ்வேறு உலோகங்கள் சேர்ந்து இருந்தால் ஒன்று இன்னொன்றுக்காகக் கரையும். அதற்குத்தான் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் ஜிங்க் துண்டு வைக்கிறார்கள். இன்ஜினுக்குப் பதில் அது கரையட்டும் என்று. ஜிங்க் முழுசாகத் தீர்ந்த பிறகும் மாற்றாமல் விட்டால், அடுத்து கரைவது கடல் தண்ணீர் தொடும் மற்ற உலோகப் பாகங்கள்தான். அலுமினியம் என்றால் இன்னும் வேகம்.

இன்னொன்றை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். பம்ப் டைமிங் முன்னால் தள்ளி வைத்திருந்தால், அல்லது நாசில் சொட்டினால், சிலிண்டருக்குள் அழுத்தம் அளவுக்கு மேல் போகும். "இழுவை வேணும்" என்று டைமிங்கைத் திருகி வைத்த பழைய இன்ஜின்கள் கேஸ்கெட்டை அடிக்கடி தின்னும். அப்புறம், லைனர் பிளாக்கை விட எவ்வளவு மேலே நிற்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒன்று உள்ளிறங்கி இருந்தாலும் அந்த இடத்தில் கேஸ்கெட் பிடிக்காது.

ஹெட்டைக் கழற்றும் நாள்

இந்த வேலையைத் தெரிந்த ஆளோடு சேர்ந்து செய்யுங்கள். உங்கள் பங்குக்கு போன் கேமரா இருக்கிறது. ஒவ்வொரு குழாயையும் கழற்றும் முன் ஒரு போட்டோ. அட்டையில் வரிசையாக ஓட்டை போட்டு, எந்த புஷ் ராடு எந்த இடத்திலிருந்து வந்ததோ அதே வரிசையில் சொருகி வையுங்கள்.

தண்ணீரை முழுசாக இறக்கிய பிறகுதான் ஹெட்டைத் தூக்க வேண்டும். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். நட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஒரே நட்டை முழுசாகக் கழற்றினால் நல்ல ஹெட்டையும் வளைத்துவிடலாம்.

பழைய கேஸ்கெட்டைக் குப்பையில் எறியாதீர்கள். அதில்தான் வாக்குமூலம் இருக்கிறது. கரி படிந்த கோடு எங்கே ஓடுகிறது? சிலிண்டரிலிருந்து தண்ணீர்த் துளைக்கா, அடுத்த சிலிண்டருக்கா? அந்த இடத்துக்கு நேரே ஹெட்டிலும் பிளாக்கிலும் பாருங்கள். பள்ளமோ அரிப்போ இருக்கும். ஒரு பிஸ்டனின் தலை மட்டும் கரி இல்லாமல் பளிச்சென்று இருந்தால், நீராவி அதைக் கழுவியிருக்கிறது. தண்ணீர் இறங்கியது அங்கேதான்.

ஒட்டியிருக்கும் துண்டுகளைச் சுரண்டுவதில் ஓர் எச்சரிக்கை. பழைய கேஸ்கெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருஷம் கழித்துப் புற்றுநோய்வரை கொண்டுபோகும். வாயால் ஊதாதீர்கள், காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். நனைத்து, மாஸ்க் போட்டு, மெதுவாக எடுங்கள். உப்புத்தாள் வைத்து பிளாக்கின் மேல் தேய்ப்பதும் வேண்டாம். அந்தப் பொடி ஆயில் வழியாக பேரிங்குக்குப் போகும்.

பிறகு நேர்கோட்டுப் பட்டையை ஹெட்டின் மேல் நீளவாக்கில், குறுக்கே, மூலைவிட்டமாக வைத்து ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். எத்தனை வளைவு தாங்கும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். பொதுவாக 0.05 முதல் 0.1 மி.மீ. என்ற அளவில்தான் இருக்கும், அதாவது ஒரு தலைமுடியின் கனம். அதைத் தாண்டினால் லேத் பட்டறையில் ஃபேசிங் செய்ய வேண்டும். கொண்டுபோனதே கொண்டுபோனீர்கள், காற்றழுத்தம் வைத்துத் தண்ணீரில் முக்கி விரிசல் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலோடு ஹெட்டை மாட்டினால் அத்தனை உழைப்பும் வீண். ஃபேசிங் செய்தால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இருக்கும் இடைவெளி குறையும் என்பதையும் மறக்கக் கூடாது. சில மாடல்களுக்கு வெவ்வேறு கனத்தில் கேஸ்கெட் வருவது இதற்காகத்தான். பிஸ்டன் மேல் ஈயக் கம்பியை வைத்து ஹெட்டை இறுக்கி ஒரு சுற்று சுற்றி, நசுங்கிய கம்பியின் கனத்தை அளக்கும் பழைய முறை இன்றைக்கும் கைகொடுக்கும்.

மாட்டும்போது கேஸ்கெட்டில் 'மேல்பக்கம்' என்று குறி இருக்கிறதா என்று பாருங்கள். திருப்பிப் போட்டால் ஆயில் துளை அடைத்துக்கொள்ளும். பேஸ்ட் பூசச் சொல்லி மேனுவலில் இல்லையென்றால் பூச வேண்டாம். போல்ட் இறங்கும் துளைகளில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருந்தால் துணியால் ஒற்றி எடுங்கள். இறுக்கும்போது அந்தத் திரவத்துக்குப் போக்கிடம் இல்லாமல் பிளாக்கே வெடிக்கும். இறுக்குவது நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று கட்டமாக, டார்க் ரெஞ்ச் வைத்து. "என் கைக்கே அளவு தெரியும்" என்பவர்களிடம் சண்டை போட வேண்டாம், ரெஞ்சை வாடகைக்கு எடுத்து நீட்டிவிடுங்கள். கடைசியில் டேப்பெட் இடைவெளியைப் புதுசாக வைக்க மறக்காதீர்கள்.

ரேடியேட்டரில் ஊற்றினால் ஓட்டையை அடைத்துவிடும் என்று ஒரு டப்பா விற்கிறார்களே? காரை ஓரமாக நிறுத்த முடியும் என்பவர்கள் முயற்சி செய்யட்டும். அது கேஸ்கெட்டோடு சேர்த்து ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கக் கூடியது. கடலுக்குப் போகும் இன்ஜினில் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

உப்புத் தண்ணீர் உள்ளே போயிருந்தால்

மேலே பாக்கி வைத்த விஷயம் இது. உப்புத் தண்ணீர் கலந்த ஆயிலோடு இன்ஜினை ஒரு வாரம் சும்மா போட்டுவைத்தால் கேஸ்கெட் பிரச்னை சின்னதாகிவிடும். ரிங் ஒட்டிக்கொள்ளும், பேரிங் துருப்பிடிக்கும், கிராங்க் வரைக்கும் செலவு இழுக்கும். ஆகவே உதிரி வருவதற்குக் காத்திருந்தாலும், ஆயிலை அன்றைக்கே இறக்குங்கள். சிலிண்டருக்குள் டீசலும் ஆயிலும் கலந்து கொஞ்சம் விட்டு, இன்ஜெக்டர் இல்லாமல் கையால் சுற்றி வையுங்கள். ஹெட் வேலை முடிந்த பிறகு மலிவான புது ஆயில் ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிஷம் ஓட்டி, அதையும் ஃபில்டரோடு இறக்கிவிடுங்கள். மறுபடி வெள்ளையாக வந்தால் இன்னொரு தடவை. கருப்பாக, சுத்தமாக வரும்வரை நல்ல ஆயிலை ஊற்றி வீணாக்க வேண்டாம். இறக்கிய ஆயிலைக் கொள்ளிடத்திலோ முகத்துவாரத்திலோ கொட்டாமல் கேனில் பிடித்து, பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பழைய ரக கேஸ்கெட்டுகள் முதல் சூட்டில் கொஞ்சம் அமுங்கும். முதல் ஓட்டம் முடிந்து ஆறிய பிறகு, மேனுவல் சொல்லும் முறைப்படி நட்டுகளை இன்னொரு தடவை பார்க்க வேண்டும், டேப்பெட்டையும். சில புதிய ரகங்களில் மறுபடி இறுக்கவே கூடாது, போல்ட்டையும் ஒரே தடவைதான் பயன்படுத்தலாம். எது உங்களுடையது என்று கேஸ்கெட் உறையிலேயே இருக்கும், தூக்கிப் போடும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று நாள் ஓட்டம் கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் இருக்கட்டும், பக்கத்தில் இன்னொரு படகு இருந்தால் இன்னும் நல்லது. தினமும் காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் டிப்ஸ்டிக், தொட்டியின் அளவு, வெளியே விழும் தண்ணீர் ஆகிய மூன்றையும் பார்த்துத் தேதியோடு போனில் குறித்து வையுங்கள். தொட்டி ஒரு விரற்கடை குறைந்தாலும் நான்காவது நாள் ஆழத்துக்குப் போகாதீர்கள்.